எந்த வரியில் முழுதாக்குவது? கேள்வித்தாளே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினாலே எப்படிப் படிப்பது, எத்தனை மணிக்குத் தூங்குவது, தேர்வன்று காலை என்ன சாப்பிடுவது என்று பத்திரிகைகளில் ஆலோசனைகள் வர ஆரம்பித்துவிடும். நல்லதுதான், வரட்டும். ஆனால் நன்றாகப் படித்த பிள்ளை, சரியான சூத்திரம் எழுதி, சரியாகப் பிரதியிட்டு, கூட்டல் பெருக்கலில் ஒரு தப்பும் செய்யாமல், விடையில் மட்டும் போய்ச் சறுக்குகிற ஒரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தசமப் புள்ளிக்குப் பிறகு வரிசையாக வரும் இலக்கங்களை எந்த வரியில் வெட்டுவது, பிள்ளைகள் 'ரவுண்ட் ஆஃப்' என்று சொல்கிற முழுதாக்குதலை எப்போது செய்வது என்பதுதான் அந்த இடம். கொளத்தூரில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், இந்தத் தவறு மட்டும் மாறவே இல்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், என்னிடம் படிக்கிற ஒரு மாணவிக்கு அவள் பள்ளியின் மாதிரித் தேர்வில் நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம், இது ஒரு பள்ளியின் பிரச்சினையும் இல்லை. வேதியியல் கேள்வி இதுதான்: ஒரு முதல் வகை வினை 60 சதவீதம் நிறைவடைய 45 நிமிடம் ஆகிறது, 90 சதவீதம் நிறைவடைய எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று சொல்லும் வேக மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். 60 போக மிஞ்சுவது 40, 100ஐ 40ஆல் வகுத்தால் 2.5. 2.303ஐ 45ஆல் வகுத்து, அந்த 2.5இன் மடக்கையான (லாக்) 0.3979ஆல் பெருக்கினால் 0.02036 வரும். 90 சதவீதத்துக்கு 100ஐ 10ஆல் வகுத்த 10இன் மடக்கை 1, அதனால் அப்புறம் 2.303ஐ இந்த 0.02036ஆல் வகுத்தால் நேரம் 113.1 நிமிடம். அந்தப் பெண் இதைத்தான் எழுதியிருந்தாள். திருத்தியவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் 115.15 என்று இருந்ததாம், அதனால் விடைக்கு மதிப்பெண் இல்லை. 115.15 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், குறிப்பைத் தயாரித்தவர் வேக மாறிலியை 0.02 என்று பாதி வழியிலேயே வெட்டிவிட்டார், அவ்வளவுதான். இரண்டு நிமிட வித்தியாசம், அதுவும் சரியாகச் செய்த பிள்ளைக்கு எதிராக.

இதே கணக்கில் வேக மாறிலியை எண்ணாகவே எழுதாமல் சூத்திரத்தை அப்படியே இரண்டாவது படிக்குக் கொண்டுபோயிருந்தால் மேலேயும் கீழேயும் இருக்கிற 2.303 அடிபட்டுப் போய், 45ஐ 0.3979ஆல் வகு என்ற ஒரே வேலைதான் மிஞ்சும். விடை 113.09. வெட்டுவதற்கு நடுவில் எண்ணே இல்லை. என் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், முடிந்தவரை எழுத்தாகவும் குறியீடாகவும் வைத்துக்கொண்டே போ, எண்ணைக் கடைசியில் போடு. கேட்பதற்கு எளிது, ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு 'விடை' இருந்தால்தான் நிம்மதி என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். படிப்படியாக மதிப்பெண் போடுகிற முறையும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு படியும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற அவசரம்.

பத்தாம் வகுப்பிலேயே இந்தப் பழக்கம் ஆரம்பிக்கிறது. உயரங்களும் தொலைவுகளும் பாடத்தில் 60 மீட்டர் உயரக் கோபுரம், கோணம் 60 பாகை, அடியிலிருந்து தூரம் என்ன என்று வருகிற கணக்கை எல்லோருக்கும் தெரியும். 60ஐ √3ஆல் வகுக்க வேண்டும். விகிதமுறுவாக்கினால் 20√3, அதாவது 20ஐ 1.732ஆல் பெருக்கி 34.64 மீட்டர். ஆனால் சில பிள்ளைகள் 1ஐ √3ஆல் வகுத்து 0.58 என்று எழுதிக்கொண்டு, 60ஐ அதால் பெருக்கி 34.8 என்று முடிக்கிறார்கள். 16 சென்டிமீட்டர் எங்கே போனது என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெருக்கல் சரி, சூத்திரம் சரி, படம் சரி. பெருக்குவதற்கு முன்னால் வெட்டியது மட்டும்தான் தப்பு, ஏனென்றால் 0.58இல் இருந்த சின்னப் பிழையும் 60ஆல் பெருக்கப்பட்டுவிட்டது.

சரி, 16 சென்டிமீட்டர்தானே, 2 நிமிடம்தானே என்று சொல்பவர்களுக்காக இன்னொரு கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோருக்கும் சரி, பல ஆசிரியர்களுக்கும் சரி, விஷயத்தின் முழு அளவு இங்கேதான் புரிகிறது.

ஆறு பிள்ளைகளின் உயரம் சென்டிமீட்டரில் 151, 152, 152, 153, 154, 155. திட்ட விலக்கம், அதாவது உயரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவைக் காண வேண்டும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஆகவே விலக்கம் ஒன்று, ஒன்றரை என்று சின்னதாகத்தான் இருக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது. கூடுதல் 917, சராசரி 152.8333 என்று போய்க்கொண்டே இருக்கும். வர்க்கங்களின் கூடுதல் 140159, அதை 6ஆல் வகுத்தால் 23359.8333. இதிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சராசரியை முழுசாக வைத்திருந்தால் அதன் வர்க்கம் 23358.0278, கழித்தால் 1.8056, வர்க்கமூலம் 1.34. இதுதான் விடை.

இப்போது சராசரியை 152.83 என்று இரண்டு இலக்கத்தில் வெட்டிப் பாருங்கள், விடை 1.68 ஆகிவிடும். 152.8 என்று ஒரு இலக்கத்தில் வெட்டினால் 3.46. உண்மையான விடையைப் போல இரண்டரை மடங்கு! இன்னும் தாராளமாக 153 என்றே எடுத்துக்கொண்டால் 23359.83இலிருந்து 23409ஐக் கழிக்க வேண்டும், கழித்தல் 49 வந்து நிற்கும், வர்க்கமூலமே எடுக்க முடியாது. 152.83க்கும் 152.8333க்கும் என்ன பெரிய வித்தியாசம், ஆயிரத்தில் மூன்று பங்குதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே நடப்பது கழித்தல். ஏறக்குறைய சமமாக இருக்கிற இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது முன்னால் இருக்கிற இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போய்விடுகின்றன, கடைசியில் மிஞ்சுவது அந்தப் பின்னால் இருந்த தசமங்கள் மட்டும்தான். நாம் எதை 'தேவையில்லை' என்று வெட்டினோமோ அதுதான் விடையாக வர வேண்டியது.

பாடப்புத்தகத்தில் ஊகச் சராசரி முறை என்று ஒன்று சொல்லித்தருகிறார்களே, அது வெறும் குறுக்குவழி என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதே கணக்கில் 153ஐ ஊகச் சராசரியாக வைத்துப் பாருங்கள். விலக்கங்கள் -2, -1, -1, 0, 1, 2. கூடுதல் -1, வர்க்கங்களின் கூடுதல் 11. பதினொன்றை ஆறால் வகுத்து, அதிலிருந்து முப்பத்தாறில் ஒன்றைக் கழித்தால் அதே 1.8056. கையால் செய்யலாம், பெரிய எண் எதுவும் இல்லை, வெட்டினாலும் பெரிய பாதகம் வராது. அந்த முறையை யோசித்தவர்கள் நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை, பிழையையும் அடக்கியிருக்கிறார்கள். வகுப்பில் இதை ஒரு தடவை சொல்லிக்காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

கழித்தல் இப்படியென்றால் அடுக்கு வேறு மாதிரி. வணிகக் கணிதம் படிக்கிறவர்களுக்கும் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கும் இது நேரடியாகப் புரியும். 30 லட்சம் கடன், ஆண்டு வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாத வட்டி 0.708333 சதவீதம், அதை வைத்து மாதத் தவணை கணக்கிட்டால் சுமார் 26,035 ரூபாய். மாத வட்டியை 0.71 என்று முழுதாக்கினால் 26,073. 0.7 என்று வெட்டினால் 25,845. ஒரு மாதத்துக்கு 190 ரூபாய் குறைகிறது, 240 மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் 45,000 ரூபாய்க்கு மேல். தவணைச் சூத்திரத்தில் மாதத்துக்கு ஒன்றாக அடுக்கு 240 என்று இருக்கிற இடத்தில் மூன்றாவது, நான்காவது தசம இலக்கம் எல்லாம் சும்மா இருக்கிற இலக்கம் கிடையாது.

அப்படியென்றால் எல்லா இலக்கத்தையும் எழுதிக்கொண்டே இருக்க முடியுமா, கால்குலேட்டர் கூடக் கிடையாதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் தேர்வில் கையில் இருப்பது லாக் டேபிள்தான், அதுவே நான்கு இலக்கம்தான் தருகிறது. இதற்கான பதிலை என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் தெளிவாகவே சொல்கிறது: பல படிகள் உள்ள கணக்கில் இடைப்படிகளில் தேவையானதைவிட ஒரு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொள், முடிவில் மட்டும் முழுதாக்கு. அங்கேயே ஒரு அழகான உதாரணமும் இருக்கிறது. 9.58இன் தலைகீழியை மூன்று இலக்கத்தில் 0.104 என்று எழுதி, அதை மறுபடி தலைகீழாக்கினால் 9.62 வருகிறது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரவில்லை. 0.1044 என்று ஒரே ஒரு இலக்கம் கூட வைத்திருந்தால் 9.58 அப்படியே திரும்பிக் கிடைக்கிறது. ஒரு இலக்கம்! நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியாது. நான் ஒன்றுக்குப் பதில் இரண்டு இலக்கம் கூட வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பயந்த பிள்ளைகளுக்கு அது ஒரு தைரியம்.

லாக் டேபிளில் கிடைக்கிற நான்கு இலக்கத்தையும் கடைசி வரை வைத்திருக்க வேண்டும், அதிலும் கைவைக்கிறார்கள். 2இன் மடக்கை 0.3010. 'கடைசியில் 10 தானே, 0.3 போதும்' என்று எடுத்துக்கொண்டு 2இன் 20ஆம் அடுக்கைக் கண்டுபிடித்தால் சரியாகப் பத்து லட்சம் வரும். உண்மையில் அது 10,48,576. நான்கு இலக்கத்தோடு செய்தால் 10,47,000 கிடைக்கும், டேபிளால் முடிந்த அளவு நெருக்கம் அதுதான்.

பொறியியல் கல்லூரிக்குப் போனபிறகு சயின்டிஃபிக் கால்குலேட்டர் கைக்கு வந்துவிடுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டும், மாணவர் அதில் இரண்டு இலக்கத்தைத் தாளில் எழுதிவிட்டு, அடுத்த படிக்கு அந்த இரண்டு இலக்கத்தையே திரும்பத் தட்டுவார். முந்தைய விடையை முழுசாக எடுத்துத்தரும் 'ஆன்ஸ்' பொத்தான் அதற்குத்தானே இருக்கிறது? தாளில் 0.0204 என்று எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் கருவிக்குள் இருக்கிற முழு எண்ணை வைத்தே அடுத்த படியைச் செய்யுங்கள். திரும்பத் தட்டும்போது இலக்கம் இடம் மாறிப்போகிற ஆபத்தும் இல்லை.

இது ஏதோ வகுப்பறை நுணுக்கம் என்று தோன்றினால் தி.நகரில் நகை வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள். எடையை மில்லிகிராம் வரை மூன்று தசமத்தில் போடுகிறார்கள், கிராம் விலையால் பெருக்குகிறார்கள், சேதாரம், செய்கூலி சேர்க்கிறார்கள், 3 சதவீதம் ஜிஎஸ்டி போடுகிறார்கள், பைசா வரை எல்லாம் அப்படியே வருகிறது. எல்லாவற்றுக்கும் கீழே, மொத்தத்துக்கு முந்தைய வரியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று சில பைசா கூட்டியோ குறைத்தோ இருக்கும். எடையை 7.846க்குப் பதிலாக 7.8 என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கடைக்காரரிடமோ வாங்குகிறவரிடமோ கேட்டுப் பாருங்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம்கூட 288ஏ பிரிவில் மொத்த வருமானத்தைத்தான் பத்து ரூபாயின் மடங்காக முழுதாக்கச் சொன்னது, ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக அல்ல.

நடு வழியில் வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையை உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் குறியீட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் குறியீட்டைத் திரும்பக் கணக்கிட்டு, மூன்று தசமத்துக்கு மேல் இருப்பதை முழுதாக்காமல் அப்படியே வெட்டி எறிந்தார்கள். ஒரு நாளில் ஏறக்குறைய 3000 தடவை. வெட்டுவது எப்போதும் கீழ்நோக்கித்தானே போகும், அந்தத் துளி எல்லாம் சேர்ந்து 1983 நவம்பரில் குறியீடு 524இல் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1098. சந்தை ஏறியிருக்கிறது, பலகை பாதியாக இறங்கிவிட்டதாகக் காட்டியிருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைத்தான் ஒவ்வொரு தடவையும் வெட்டினார்கள்.

அடுத்து, ஒரே எண்ணை இரண்டு தடவை முழுதாக்குவது. 12.48 என்று வந்ததை முதலில் 12.5 ஆக்கிவிட்டு, பிறகு 'அருகில் உள்ள முழு எண்' என்று கேட்டிருப்பதைப் பார்த்து 13 ஆக்கிவிடுகிறார்கள். விடை 12. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் எண் விடைக் கேள்விகளுக்கு விடையை அருகில் உள்ள முழு எண்ணாகத்தான் தர வேண்டும், ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், இடைப்படிக்கு என்று எதுவும் கிடையாது, பெட்டியில் இருக்கிற எண் மட்டும்தான் பேசும். 110ஐ √3ஆல் வகுத்தால் 63.51, முழு எண்ணாக 64. அதையே 0.577 என்று மூன்று இலக்கம் எடுத்துப் பெருக்கினால் 63.47, முழு எண்ணாக 63. மூன்று இலக்கம் வைத்திருந்தும் போய்விட்டது! அரைக்குப் பக்கத்தில் விடை வந்து நிற்கிறது என்று தெரிந்தால் ஒரு இலக்கம் கூட எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

5 வந்தால் என்ன செய்வது என்பதிலும் பிள்ளைகளைக் குழப்பி வைத்திருக்கிறோம். கணக்குப் பாடத்தில் 2.745ஐ 2.75 ஆக்கச் சொல்கிறோம். அதே பிள்ளை பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு வந்தால், நீக்கப்படும் இலக்கம் சரியாக 5 என்றால் முன்னால் இருப்பது இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடு, ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு என்று வருகிறது, ஆகவே 2.745 இங்கே 2.74. எப்போதும் மேலேயே தூக்கினால் பல எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல்நோக்கிச் சாயும், அதைச் சமன்செய்யத்தான் இந்த விதி. இரண்டு விதிக்கும் காரணம் உண்டு. ஆனால் எந்தத் தாளில் எது என்று பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் முழுதாக்கச் சொல்வதால் விடையில் இஷ்டத்துக்கு இலக்கம் எழுதலாம் என்று அர்த்தமில்லை. ஆரம் 25.0 சென்டிமீட்டர் உள்ள வட்டத்தின் பரப்பைக் கேட்டால், பை 3.14 என்று எடுத்தவர் 1962.5 என்றும், 22/7 என்று எடுத்தவர் 1964.29 என்றும், கால்குலேட்டரில் பை பொத்தானை அழுத்தியவர் 1963.5 என்றும் எழுதுவார்கள். யார் சரி? கொடுத்த அளவில் நம்பக்கூடிய இலக்கங்கள், அதாவது முக்கிய எண்ணுருக்கள், மூன்றுதான், ஆகவே விடையையும் மூன்றில் எழுதினால் மூவருக்கும் 1960 சதுர சென்டிமீட்டர்தான். சரியான இடத்தில் சரியான அளவு முழுதாக்கினால் சண்டையே தீர்ந்துவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம், முழுதாக்குதல் என்பது விடையைக் கெடுக்கிற விஷயம் இல்லை, கையில் இருக்கிற தகவல் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்கிற விஷயம்.

முன்கூட்டியே முழுதாக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தால் 4.97ஐ 5 என்றும் 20.3ஐ 20 என்றும் எடுத்துப் பெருக்கி நூற்றுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவிட்டுப் போக வேண்டியதுதான், அங்கே தசமத்தோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். பெரிய கணக்கை முடித்ததும் இதே மாதிரி மனக்கணக்காக ஒருமுறை சரிபார்ப்பதும் நல்ல பழக்கம், புள்ளி இடம் மாறியிருந்தால் உடனே கண்ணில் படும். அப்புறம், 130 பேர் போக 40 இருக்கை உள்ள பேருந்து எத்தனை வேண்டும் என்றால் 3.25 வரும், 3 என்று முழுதாக்கினால் பத்து பேர் நடுத்தெருவில் நிற்க வேண்டும், விடை 4.

இனி நான் கேட்பது. கல்லூரிச் சாலையில் இருக்கிற அரசுத் தேர்வுகள் இயக்ககம் கேள்வித்தாளின் முகப்பில் இரண்டு வரி அச்சிட்டால் போதும்: இடைப்படிகளில் முழுதாக்க வேண்டாம், இறுதி விடையை இத்தனை இலக்கத்தில் தரவும். இது புதுமையான கோரிக்கை இல்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில், தரப்படாத இடங்களில் பையின் மதிப்பை 22/7 என எடுத்துக்கொள்ளவும் என்று போடுகிறார்கள். ஜேஇஇ அட்வான்ஸ்டில் இரண்டு தசமம் என்று சொல்லிவிடுகிறார்கள். பொறியியல் முதுகலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் கேள்வியிலேயே எத்தனை தசமத்துக்கு முழுதாக்க வேண்டும் என்று இருக்கும், எண் விடைகளுக்கு விடைக்குறிப்பிலும் இதிலிருந்து இதுவரை என்று ஒரு வரம்பு கொடுக்கிறார்கள், வரம்புக்குள் எது வந்தாலும் மதிப்பெண். நம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்களுக்கும் அதே மாதிரி ஒரு வரம்பைக் கொடுத்துவிட்டால் 113.09க்கும் 113.1க்கும் 112.9க்கும் யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், குறிப்பில் இருக்கிற எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு மை போட வேண்டாம்.

ஒரு மதிப்பெண்தானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பொறியியல் கலந்தாய்வுக்கு 200க்குத்தான் கட்ஆஃப், கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50க்கு. வேதியியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் அரை மதிப்பெண் போகிறது, கணக்கில் போனால் முழுசாக ஒன்று. அந்த அரை மதிப்பெண்ணில் தரவரிசை எவ்வளவு தூரம் இறங்கும், கிண்டி பொறியியல் கல்லூரியில் கிடைக்க வேண்டிய இடம் எங்கே போய்க் கிடைக்கும் என்பது கலந்தாய்வுக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டுக்கும் தெரியும்.

இயக்ககம் அச்சிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, மாதிரித் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதுகிற ஆசிரியர்கள் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். குறிப்பில் விடையை எழுதும் முன் நடுவில் எங்கேயாவது நாமே வெட்டியிருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள், பக்கத்தில் ஒரு வரம்பும் எழுதுங்கள். இந்த வருடம் எழுதப்போகிற பிள்ளைகளே, கேள்வித்தாள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் √3ஐயும் பையையும் பின்னங்களையும் கடைசி வரிக்கு முந்தைய வரி வரை அப்படியே வைத்திருங்கள், எண்ணாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு இலக்கம் கூட எடுங்கள், விடைக்குப் பக்கத்தில் அலகை எழுத மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியர்,
கொளத்தூர், சென்னை.